ஊசிக்குப் பிறகு மூச்சு வாங்கினால்: ஆஸ்துமா உள்ள இளவயதினருக்கான விளக்கம்

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ ஊசியோ கோவிட் ஊசியோ போடலாமா என்று பெற்றோர் கேட்கும்போது, மனதில் இருக்கும் பயம் ஒன்றுதான்: ஊசி போட்டால் வீசிங் கிளம்பிவிடுமோ? ஃப்ளூ ஊசியைப் பொறுத்தவரை இதை 2000ஆம் ஆண்டிலேயே நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனையைப் புரிந்துகொண்டால் மற்ற பல குழப்பங்களும் விலகும்.

அமெரிக்காவில் 19 மையங்களில், 3 வயது முதல் 64 வயது வரையிலான 2,032 ஆஸ்துமா நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு ஊசிகள் போடப்பட்டன. ஒன்று செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஃப்ளூ தடுப்பூசி. இன்னொன்று மருந்தே இல்லாத வெற்று ஊசி. எது முதலில் போடப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனித்த மருத்துவருக்கும் தெரியாது. ஊசி போட்ட 14 நாட்களுக்குள் ஆஸ்துமா மோசமானவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். தடுப்பூசிக்குப் பிறகு 28.8 விழுக்காடு, வெற்று ஊசிக்குப் பிறகு 27.7 விழுக்காடு. இரண்டுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. உடம்பு வலி மட்டும் தடுப்பூசிக்குப் பிறகு சற்றுக் கூடுதல்: 25.1க்கு எதிராக 20.8.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் அந்த 27.7தான். மருந்தே இல்லாத ஊசிக்குப் பிறகும் நாலில் ஒருவருக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் மூச்சுத் தொல்லை கூடியிருக்கிறது. ஆஸ்துமாவின் இயல்பே ஏறி இறங்குவதுதான். அந்தச் சோதனை நடந்தது செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் முடிய; சளியும் குளிரும் தொடங்கும் பருவம். நம் ஊரிலும் மழையும் பனியும் வரும் நேரத்தில்தான் ஃப்ளூ ஊசி ஞாபகத்துக்கு வருகிறது, வீசிங்கும் அப்போதுதான் கூடுகிறது. தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்ட ஒருவருக்கு ஐந்தாம் நாள் இளைப்பு வந்தால், அவர் ஊசியைத்தான் சந்தேகிப்பார். வெற்று ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அவருக்கு வழி இல்லை. அதனால் ஊசிக்குப் பின் எது வந்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை மணி நேரம் கழித்து வந்தது? ஊசிக்கு முந்தைய வாரம் மூச்சு எப்படி இருந்தது?

காய்ச்சலும் கை வலியும் ஏன் வருகின்றன

ஊசி போட்ட இடத்தில் உள்ள எதிர்ப்புச் செல்கள், வந்திருப்பது அந்நியப் பொருள் என்று கண்டதும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் பொருள்களை வெளிவிடுகின்றன. அவை அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் கை வீங்கி வலிக்கிறது. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனவை உடல் வெப்ப அளவை உயர்த்துவதால் காய்ச்சல், குளிர், தலைவலி, அசதி வருகின்றன. பெரும்பாலும் முதல் நாளிலேயே தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) போன்ற உயிருள்ள, வீரியம் குறைத்த தடுப்பூசிகளின் கணக்கு வேறு; வைரஸ் உடம்பில் கொஞ்சம் பெருகிய பிறகே காய்ச்சல் வரும் என்பதால் அது 7 முதல் 12 நாள் கழித்து வருவதுண்டு.

வயது குறைந்தவர்களுக்கு இந்த எதிர்வினை பலமாக இருக்கும். ஃபைசர் கோவிட் தடுப்பூசியின் பெரிய சோதனையில், இரண்டாம் தவணைக்குப் பிறகு 16 முதல் 55 வயது வரை உள்ளவர்களில் 59 விழுக்காட்டினருக்கு அசதி, 52 விழுக்காட்டினருக்குத் தலைவலி, 16 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல். 55 வயதைத் தாண்டியவர்களில் அதே எண்கள் 51, 39, 11. ஆக, இருபது வயதுக்காரர் இரண்டு நாள் படுத்துக்கிடப்பதும் அவருடைய தாத்தா மறுநாளே கடைக்குப் போவதும் எதிர்பார்க்கக் கூடியதே. ஆஸ்துமா அதற்குக் காரணம் இல்லை, இளமைதான்.

காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடித் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துபோலக் கூடும், மூச்சும் வேகமாகும். ஆஸ்துமா உள்ளவர் இதை இளைப்பு என்று எடுத்துக்கொண்டு, உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலரை அடுத்தடுத்து அடித்துக்கொள்வார். அதில் உள்ள சால்பியூட்டமால் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். பிறகு அந்த நடுக்கமும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடும். மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் கேட்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, இருமல் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் வேக மூச்சு மட்டும் இருந்தால் முதலில் தெர்மாமீட்டரை வையுங்கள்.

மாத்திரையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஊசி போட்ட அன்று மாலை வீசிங் வந்தால் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்? பெரியவர்களான ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. விழுங்கிய அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இளைப்பு வந்துவிடும். சிறு பிள்ளைகளில் இது குறைவு. இருபது முப்பது வயதில் புதிதாகத் தொடங்குவது வழக்கம். மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு" என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் கலப்பு மாத்திரை. காம்பிஃபிளாமில் பாரசிட்டமாலோடு ஐபுபுரொஃபெனும் இருக்கிறது. அசிக்ளோஃபெனாக் கலந்தவையும் ஏராளம். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்த்து, பாரசிட்டமால் மட்டும் இருப்பதை வாங்குங்கள். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மி.கி. பாரசிட்டமால் சிரப் ஒரே வலிமையில் வருவதில்லை, 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டிலைப் பார்க்காமல் "ஒரு மூடி" என்று கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும். ஊசிக்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டாம். வலியோ காய்ச்சலோ வந்த பிறகு போட்டால் போதும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

முதல் 30 நிமிடம்

மிகவும் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒரு இளைஞருக்கு மூச்சுத் தொல்லை என்றால் நான்கு காரணங்கள் இருக்கலாம். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

முதலாவது வெறும் மயக்கம். பள்ளியில் டிடி ஊசி, ஹெச்பிவி ஊசி போடும்போது வளரிளம் பருவத்தினர் சரிந்து விழுவது இதனால்தான். முகம் வெளிறும், குளிர்ந்து வியர்க்கும், நாடி மெதுவாகும், மூச்சில் சத்தம் இருக்காது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவார். இதில் ஊசி மருந்தைவிட, விழும்போது தலையில் படும் அடிதான் கெடுதல் செய்கிறது. அதனால் உட்கார்ந்தோ படுத்தோ ஊசி போட்டுக்கொண்டு, பிறகு 15 நிமிடமாவது எழாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பயத்தில் வரும் வேக மூச்சு. விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய இடமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 98, 99 என்று காட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு என்றாலே பழைய பயம் இருக்கும்; பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விடச் சொல்லி நிதானப்படுத்தினால் அடங்கும்.

மூன்றாவது ஆஸ்துமாவே. மூச்சை வெளியே விடும்போது விசில், இருமல், நெஞ்சு இறுக்கம் இருக்கும். தோல் வழக்கம்போல இருக்கும், நாடியில் பலம் இருக்கும். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக இழுக்க உதவும் குடுவை) பொருத்தி ஒரு பஃப் அடித்து நான்கு முறை மூச்சு இழுக்கச் சொல்லுங்கள்; இப்படி நான்கு பஃப். 4 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தணியாவிட்டால் மறுபடி நான்கு. அப்போதும் தணியாவிட்டால், அல்லது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். இலங்கையில் 1990. நம் ஊரில் பலர் கேப்சூல் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொடி உள்ளே போக நோயாளியே பலமாக இழுக்க வேண்டும். கடும் இளைப்பில் அந்தப் பலம் இருக்காது. ஊசிக்குப் போகும் நாளில் மட்டுமாவது பம்ப் வகை இன்ஹேலரும் ஸ்பேசரும் பையில் இருக்கட்டும். புடெசொனைடும் ஃபோர்மடெராலும் கலந்த ஒரே இன்ஹேலரை, தினசரித் தடுப்பு, உடனடி நிவாரணம் என்ற இரண்டு வேலைக்கும் பயன்படுத்துபவர்கள், தங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவைப் பின்பற்ற வேண்டும்.

நான்காவது அனாஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. வழக்கமான தடுப்பூசிகளில் பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை கோவிட் ஊசிகளில் ஐந்து என்ற அளவில் பதிவானது. அபூர்வம்தான், ஆனால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு வந்தால் உயிருக்கு ஆபத்து கூடுதல். உடம்பெல்லாம் தடித்துச் சொறியும், உதடும் கண்ணிமையும் வீங்கும், தொண்டை இறுகிக் குரல் கம்மும், வாந்தி, வயிற்று வலி, நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும். கூடவே வீசிங்கும் இருக்கும். தவறு நடப்பது இந்த இடத்தில்தான். "இவனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு" என்று நெபுலைசரை மாட்டிவிட்டு, தோலையும் நாடியையும் பார்க்க மறந்துவிடுவார்கள். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைத்தான் விரிக்கும். இறங்கும் ரத்த அழுத்தத்தையும் தொண்டை வீக்கத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே முதல் மருந்து அட்ரினலின். ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து, எடையில் கிலோவுக்கு 0.01 மி.லி., அதிகபட்சம் அரை மி.லி., தொடையின் நடு வெளிப்பக்கத்துத் தசையில். 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மி.லி. தணியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. ஏவில் என்னும் அலர்ஜி ஊசி, டெக்சா, ஹைட்ரோகார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது நேரத்தை இழப்பது. மூச்சு வாங்கும் நோயாளியைச் சாய்த்து உட்காரவைக்கலாம், சட்டென்று எழுந்து நடக்க விடக்கூடாது.

அட்ரினலின் போடுவது மருத்துவப் பணியாளரின் வேலை. ஆனால் "இங்கே அட்ரினலின் இருக்கிறதா?" என்று ஊசிக்கு முன் கேட்பது உங்கள் உரிமை. ஆஸ்துமா உள்ளவர் 30 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருப்பது நல்லது. தூசி, பூனை, இறால், கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களும் ஊசி போடலாம். முட்டை ஒவ்வாமைகூட இன்றைய ஃப்ளூ ஊசிக்குத் தடை இல்லை. முன்பு ஏதாவது தடுப்பூசிக்கோ, அதில் சேரும் பாலிஎத்திலீன் கிளைகால், பாலிசார்பேட் போன்ற பொருளுக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும்.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து

ஆஸ்துமாவுக்கென்று தனி எச்சரிக்கை உண்மையில் தேவைப்படுவது இதற்குத்தான். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. மூச்சுக்குழாய்ப் பக்கம் அது போவதே இல்லை. மூக்கில் தெளிப்பதில் உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் இருக்கிறது. மூக்கின் உட்பூச்சில் கொஞ்சம் பெருகினால்தான் அது வேலை செய்யும். ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் காரணிகளில் முதலிடம் சுவாசப் பாதை வைரஸ்களுக்கு என்பதால் தயக்கம் நியாயமானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வீசிங் கூடுதலாக வந்தது சோதனையிலேயே தெரிந்தது. அதனால் அந்த வயதில் தருவதில்லை. 2 முதல் 4 வயது வரை, கடந்த 12 மாதத்தில் வீசிங் வந்த பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைத் தருகிறார்கள். ஆனால் கடந்த 72 மணி நேரத்தில் வீசிங் இருந்தாலோ நீல இன்ஹேலர் வழக்கத்துக்கு மேல் தேவைப்பட்டிருந்தாலோ அன்றைக்குத் தருவதில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஆஸ்துமா பிள்ளைக்குக் கை ஊசியே மேல் என்பது எங்கள் கருத்து.

போவதற்கு முந்தைய வாரம்

ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு நான்கு கேள்விகள். கடந்த 4 வாரத்தில் பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொல்லை வந்ததா? இரவில் இருமலோ இளைப்போ எழுப்பியதா? நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஓடியாட முடியாமல் போனதா? நான்குக்கும் "இல்லை" என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறது. மூன்று நான்குக்கு "ஆமாம்" என்றால் முதலில் மருத்துவரிடம் போய் மருந்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இலேசான மூக்கொழுகலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். கடும் காய்ச்சலோ, இளைப்பு கிளம்பியிருக்கும் நாட்களோ என்றால் அடங்கும்வரை தள்ளிப்போடலாம்.

பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துவையுங்கள். ஒருவருடைய நல்ல நாள் அளவு 400 என்றால், 320க்கு மேல் இருக்கும்வரை கவலை இல்லை. 320க்கும் 200க்கும் நடுவில் வந்தால் மருத்துவர் தந்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 200க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான். ஊசிக்குப் பின் 3 நாள் இதே அளவைத் தொடர்ந்தால், வந்திருப்பது காய்ச்சல் அசதியா மூச்சுக்குழாய் இறுக்கமா என்ற ஊகத்துக்கே இடமில்லை.

தினமும் எடுக்கும் பிரிவென்டர் (தடுப்பு) இன்ஹேலரை ஊசிக்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அதில் உள்ள ஸ்டீராய்டு தடுப்பூசியைக் கெடுத்துவிடும் என்று நினைத்து நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், அப்படிக் கெடுக்காது. நிறுத்தியதால் நான்காம் நாள் வரும் இளைப்பும் ஊசியின் பழியாகிவிடும். மாத்திரையாகச் சாப்பிடும் பிரெட்னிசலோனுக்கு மட்டும் கணக்கு உண்டு: நாளுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல், பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாளோ கூடுதலாகவோ சாப்பிட்டிருந்தால், எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துப் போட வேண்டும். வீசிங்குக்குத் தரும் 5 நாள் கோர்ஸ் இந்தக் கணக்கில் வராது.

நெஞ்சு வலியை இளைப்பென்று நினைத்துவிடாதீர்கள்

எம்ஆர்என்ஏ கோவிட் ஊசிகளுக்குப் பிறகு, குறிப்பாக 12 முதல் 29 வயது ஆண்களுக்கு, இரண்டாம் தவணை முடிந்த ஒரு வாரத்துக்குள் இதயத் தசை அழற்சி அபூர்வமாக வந்தது. இந்தியாவில் பதின்ம வயதினருக்குப் போட்ட கோவாக்சின், கோர்பிவேக்ஸ் இந்த வகை ஊசிகள் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, மேலை நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஃபைசர் போடப்பட்டது. சிங்கப்பூரில் ஊசிக்குப் பின் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்றே அறிவுறுத்தினார்கள். இதன் அறிகுறிகள் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல். ஆஸ்துமாக்காரருக்குப் பழகிய அறிகுறிகள்போலவே இருப்பதால் இன்ஹேலரை அடித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிவிட வாய்ப்புண்டு. விசில் சத்தம் இல்லாமல், இன்ஹேலருக்கும் அடங்காமல், மல்லாந்து படுத்தால் கூடுகிற வலி என்றால் அன்றே ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் ஓய்விலும் மருந்திலும் தேறிவிட்டார்கள். கண்டுபிடிக்காமல் விளையாட்டுத் திடலுக்குப் போவதுதான் ஆபத்து.

எந்தத் தொல்லை வந்தாலும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்ட நேரம், தொல்லை தொடங்கிய நேரம், உடம்புச் சூடு, எத்தனை பஃப் தேவைப்பட்டது, என்ன மாத்திரை போட்டது. இந்தியாவில் ஊசி போட்ட நிலையத்திலேயே புகார் பதியலாம். மருந்துப் பக்கவிளைவுகளுக்கான கட்டணமில்லா எண் 1800-180-3024. அடுத்த தவணையை முடிவுசெய்யவும் அந்தத் தாள் வேண்டும். அரை மணி நேரத்துக்குள் தடிப்பும் மூச்சுத் தொல்லையும் சேர்ந்து வந்திருந்தால் அதே ஊசியை நிபுணரைக் கேட்காமல் மறுபடி போடக்கூடாது. இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததோ, ஆறாம் நாள் சளியோடு வீசிங் வந்ததோ அடுத்த தவணையை நிறுத்தக் காரணம் ஆகாது.